பெருத்த சக்கரங்களும் பெட்ரோல் கணக்கும்

டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை மலை ஏறத் தொடங்கும் இடத்தில், முன்பெல்லாம் ஐந்தாவது கியரில் அமைதியாக ஏறிக்கொண்டிருந்த என் பிக்கப் வண்டி, நான்குக்கும் மூன்றுக்குமாக மாறிமாறி இறங்கி, எஞ்சின் இரைய இரைய ஏறியதைக் கேட்ட அன்றுதான், நான்கு டயர்களை மாற்றியதனால் வண்டியின் சுபாவமே மாறிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. டயர் என்பது வண்டியின் காலுக்குப் போட்ட செருப்புத்தானே, ஒரு ஜோடியைக் கழற்றி மற்றொரு ஜோடியை மாட்டுவதில் பெரிய வித்தியாசம் என்ன வந்துவிடும் என்று அதுவரையில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பிழையானது என்பதையும், அதன் பிறகு ஓராண்டுக் காலம் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து நான் கண்ட கணக்கையும், இதே ஆசையோடு டயர்க் கடை வாசலில் நிற்கும் நண்பர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2017-ஆம் ஆண்டு டொயோட்டா டகோமா. மூன்றரை லிட்டர் வி6 எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம். காலனுக்கு நகருக்குள் 18 மைல், நெடுஞ்சாலையில் 23 மைல், சராசரியாக 20 மைல் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மைலேஜ் அட்டை சொல்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் லிட்டருக்கு எட்டரைக் கிலோமீட்டர். என் கையில் அது 20.4 மைல் கொடுத்து வந்தது. டயரை மாற்றும் ஆசை எனக்கு எழுந்ததற்கு அலங்காரம் காரணமன்று. கொலராடோவின் தென்மேற்கில் யூரே, சில்வர்ட்டன், டெல்யுரைடு ஆகிய ஊர்களைச் சுற்றி, பழைய காலத்தில் வெள்ளியும் தங்கமும் தோண்டியவர்கள் கோவேறு கழுதைகளை நடத்திச் சென்ற பாதைகள் இன்றும் இருக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 13,114 அடி உயரத்தில் இருக்கும் இமோஜீன் கணவாயை ஒருமுறை கண்டவனுக்கு, அங்கே மீண்டும் போகாமல் இருப்பது சாத்தியமில்லை. அந்தப் பாதையில் முழங்கால் உயரக் கற்கள் கிடக்கின்றன. வண்டியின் வயிற்றில் கல் உரசும் சப்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் ஓர் அங்குல உயரத்தின் அருமை தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் வண்டியின் உடம்பைத்தான் தூக்குமே ஒழிய, பின்னச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குடத்தை ஓர் இழையும் தூக்காது. அதை உயர்த்தக் கூடியது டயர் ஒன்றுதான். கம்பெனி மாட்டி அனுப்பிய டயரின் அளவு 265/70 ஆர்16. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதன்படி கணக்கிட்டால் பழைய டயரின் விட்டம் 777 மில்லிமீட்டர், அதாவது 30.6 அங்குலம். நான் வாங்கி மாட்டியது 285/75 ஆர்16. விட்டம் 834 மில்லிமீட்டர், 32.8 அங்குலம், கடைக்காரர்கள் பேச்சில் ‘முப்பத்து மூன்று’. விட்டத்தில் கூடியது 57 மில்லிமீட்டர் என்றால், அச்சு உயர்ந்தது அதில் பாதி, 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். இத்தனை செலவும் சிரமமும் அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் என்பதை வாங்குகிறவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரமங்களை நீட்டி எழுத விரும்பவில்லை. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. அப்படியும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பின்னோக்கி வரும்போது டயர் கேபினைத் தாங்கும் இரும்பு முட்டில் உரசியது. முட்டின் மூலையை அறுத்து, மறுபடி தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையையும் வெட்ட நேர்ந்தது. ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் பெரிய டயரை நெருக்கித் திணித்தோம். இவற்றையெல்லாம் செய்து கொடுத்த கடையில், புதிய டயருக்கு உரிய காற்றழுத்தம் என்ன என்று பார்க்காமல், கதவோரத்து அட்டையில் பழைய டயருக்கு எழுதியிருந்த அழுத்தத்தையே நிரப்பி அனுப்பிவிட்டார்கள். சுமைவண்டிக்கென்று தடித்துச் செய்யப்படும் ‘எல்டி’ வகை டயர், அதே பாரத்தைத் தாங்குவதற்குக் கூடுதல் காற்றைக் கேட்கும் என்பதை நானே பிறகு அட்டவணை பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி மைலேஜுக்கு வருகிறேன். புது டயரோடு பத்து முறை டாங்க் நிரப்பி, ஓடிய மைலை ஊற்றிய காலனால் வகுத்துப் பார்த்ததில் கிடைத்த சராசரி 16.9 மைல். பழைய 20.4-க்கு இது 17 சதவீதம் குறைவு. நெஞ்சு பகீரென்றது. ஆனால் அந்த எண்ணை நம்புவதற்கு முன்னால், அதைச் சொன்ன கருவி உண்மை பேசுகிறதா என்று பரீட்சிக்க வேண்டும் அல்லவா? ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சுழற்சிகளைத்தான் எண்ணுகிறது, ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் அதற்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்துப் பெருக்கித் தருகிறது. சக்கரம் பெருத்துவிட்டால் ஒவ்வொரு சுழற்சியிலும் வண்டி அதிக தூரம் போகிறது. கருவிக்கோ அது தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் எண் பலகைகளை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சரியாக 50 மைல் ஓட்டிப் பார்த்தேன். ஓடோமீட்டர் காட்டியது 46.7. நூற்றுக்கு 7 மைல் அது எண்ணாமல் விட்டுக்கொண்டிருந்தது. அந்தத் திருத்தத்தைச் செய்தால் 16.9 என்பது 18.1 ஆகிவிடுகிறது. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் படுபாதாளத்தில் விழுந்துவிட்டது என்று புலம்புகிற பலருடைய கணக்கில், விழுந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி எண்ணப்படாமல் போன மைல்கள்தாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு ஒரு கிளைக் கதையும் உண்டு. ஓடோமீட்டரைப் போலவே ஸ்பீடாமீட்டரும் சுழற்சியைத்தான் நம்புகிறது. ஆகவே முள் 65-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 70 மைல் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது; வேகம் 7 சதவீதம் கூடினால் எதிர்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். 1973-ஆம் ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது இந்நாட்டு அரசாங்கம் கைக்கொண்ட உபாயங்களில் ஒன்று, 1974 ஜனவரியில் குடியரசுத் தலைவர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் நாடு முழுவதும் உச்ச வேகத்தை 55 மைல் என்று நிறுத்தியது; பின்னர் படிப்படியாகத் தளர்ந்து 1995-இல் அது அடியோடு நீங்கிற்று. அந்த 55 மைலை அலுத்துக்கொண்டு ஓட்டியவர்கள் அநேகர். ஆனாலும் அதன் அடியில் இருந்த பௌதிகம் பொய்யன்று. நானும் புது டயர் போட்ட நாள் முதல், அறியாமலே, முன்பைவிட வேகமாக ஓட்டி, அந்த வேகத்துக்குரிய பெட்ரோலை டயரின் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேகத்தைச் சாட்டிலைட் கருவி பார்த்துச் சரிசெய்து, காற்றையும் உரிய அளவுக்கு ஏற்றி ஓட்டிய பிறகு, திருத்திய கணக்கில் 18.7 மைல் நிலைத்தது. ஆக, 17 சதவீதம் என்று பயமுறுத்திய நஷ்டம் உண்மையில் 8 சதவீதம்.

அந்த 8 சதவீதம் எங்கே போயிற்று என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் சுவையான பகுதி.

முதற்காரணம் ரப்பர். டயர் சாலையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது; விலகும்போது மீண்டும் உருண்டையாகிறது; அமுங்குவதற்கு வாங்கிய சக்தி முழுவதையும் அது திருப்பிக் கொடுப்பதில்லை; கொஞ்சத்தை வெப்பமாக விழுங்கிக்கொள்கிறது. நெடும் பிரயாணம் முடிந்து டயரைத் தொட்டுப் பார்த்தால் கை சுடுவது அந்தப் பெட்ரோலின் சூடுதான். மிஷ்லின் கம்பெனி 1946-இல் காப்புரிமை கேட்டு, சில ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரும், 1990-களின் தொடக்கத்தில் கரித்தூளுக்குப் பதிலாக ரப்பரில் சிலிகாவைச் சேர்த்ததும் இந்த விழுங்கலைக் குறைத்த பெருஞ்சாதனைகள். கற்பாதைக்கென்று செய்த டயரோ அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பக்கச்சுவர் தடிப்பு, உள்ளே அடுக்குகள் அதிகம், மேலே 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பாளம் பாளமாக நிற்கும் ரப்பர்க் கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் சாலையில் படும்போது நெளிகிறது. கல் குத்தினாலும் கிழியாத உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் மாறினால் மைலேஜ் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மாறும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால், சாதாரண டயரிலிருந்து முரட்டு டயருக்குத் தாவுகிறவன் அளவை மாற்றாவிட்டாலும் கொஞ்சம் இழக்கத்தான் செய்வான். மற்ற எல்லாம் சமமாக இருந்தால், விட்டம் பெரிதாக இருப்பது உருள்வதற்கு அனுகூலமே தவிரப் பிரதிகூலமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் பெருமையில் இல்லை, முரட்டுத்தனத்தில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் உயர்த்திய உடம்பு. இரண்டு அங்குலம் தூக்கிய வண்டியின் அடியில் அதிகக் காற்று புகுந்து, அச்சிலும் சைலன்ஸரிலும் மோதிச் சுழல்கிறது; அகன்ற டயரும் காற்றுக்கு மார்பைக் காட்டி நிற்கிறது. நகருக்குள் 30 மைல் வேகத்தில் இது ஒன்றுமில்லை. 70 மைலில் இதுவே பிரதானம்.

மூன்றாவதாக எல்லோரும் சொல்வது எடை. இதைப் பற்றி ஒரு தவறான அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. சக்கரத்தில் கூடும் ஒரு பவுண்டு, உடம்பில் கூடும் எட்டுப் பவுண்டுக்குச் சமம் என்றும், பத்துக்குச் சமம் என்றும் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். நான் வீட்டுத் தராசில் நிறுத்ததில் பழைய டயர் ஒன்று 17 கிலோ, புதியது 26 கிலோ. நான்குக்கும் சேர்த்து 36 கிலோ கூடுதல். சுழலும் பொருளின் எடை முழுவதும் விளிம்பிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது முன்னே நகர்வதற்கு ஒரு பங்கும் சுழல்வதற்கு ஒரு பங்கும் சக்தி வாங்குமே ஒழிய, அதற்கு மேல் வாங்குவதற்கு இயற்கையில் வழியில்லை. 36 கிலோ 72 ஆகலாம், 360 ஆகாது. இரண்டு டன் வண்டியில் ஒரு ஆள் கூடுதலாக ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் நகரப் பிரயாணத்தில் அது தெரியும். சீரான வேகத்தில் போகும்போது அநேகமாகத் தெரியாது.

நான்காவது கியர் விகிதம். எஞ்சின் அச்சைத் திருகும் விசையை, சாலையைத் தள்ளும் விசையாக மாற்றுவது சக்கரத்தின் ஆரம். ஆரம் நீண்டால் தள்ளும் விசை அதே விகிதத்தில் குறையும். என் வண்டியின் ஆக்சில் விகிதம் 3.91, பெரிய டயர் அதை 3.65 ஆக்கியதற்குச் சமம். சமவெளியில் எஞ்சின் 7 சதவீதம் மெதுவாகச் சுழல்கிறது, அது சிக்கனம்தானே என்று வாதிப்பவர்கள் உண்டு. கன்ஸாஸ் சமவெளியில் ஓட்டிக்கொண்டே இருப்பவருக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும். ஆனால் இந்த எஞ்சின் தன் முழு முறுக்குவிசையைக் கொடுப்பது நிமிஷத்துக்கு 4,600 சுழற்சியில். கீழே அது மெலிந்தது. 11,000 அடிக்கு மேல் மலையைக் குடைந்து 1973-இல் திறந்த ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குப் போகிற ஏற்றத்தில், காற்றும் மெலிந்து, எஞ்சினும் மெலிந்து, சக்கரமும் நீண்டுவிட்டால், கியர்ப்பெட்டி பாவம் வேறு என்ன செய்யும்? இறங்கத்தான் செய்யும். இதற்குப் பரிகாரமாக ஆக்சிலின் பல்சக்கரங்களையே 4.56 அல்லது 4.88 விகிதத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு; ஓட்டம் திருந்தும், ஆனால் செலவு டயரின் விலையை எட்டிப் பிடிக்கும்.

இந்தக் கணக்குகளில் நான் மூழ்கிக் கிடந்த நாட்களில், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தந்தையாரோடு ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இளமையில் நெல் மூட்டை ஏற்றிக் கட்டை வண்டி ஓட்டியவர். குடமும் ஆரக்காலும் வட்டையும் இரும்புப் பட்டையுமாக மார்பளவு உயர்ந்த சக்கரங்கள் அந்த வண்டிக்கு.

“ஏன்ப்பா, சக்கரம் பெரிசா இருந்தா மாட்டுக்கு நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“சேத்துல நல்லது. வரப்பு ஏறி எறங்க நல்லது. ஆனா டயர் வண்டி வந்துச்சு பாரு, சக்கரம் அதுல பாதிகூட இல்ல. தார் ரோட்டுல அதே ஜோடி மாடு எத்தனை மூட்டை கூட இழுத்துச்சு தெரியுமா?”

“அப்போ கட்டை வண்டிய வித்துட்டீங்களா?”

“எப்படி விக்கிறது? களத்துக்குள்ள டயர் வண்டி பொதைஞ்சிடும்டா. ரோட்டுக்கு அது, வயலுக்கு இது. ரெண்டையும் வச்சிருந்தோம்.”

பெரிய சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்குகிறது; கல்லின் மேல் சாய்வாக ஏறுகிறது; அது மாட்டு வண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் பொது. வேற்றுமை என்னவென்றால், மாட்டு வண்டியின் சக்கரம் இழுக்கப்படுவது. என் வண்டியின் சக்கரம் தானே தள்ளுவது. ஆகையால் மாட்டுக்கு ஏற்றத்திலும் பெரிய சக்கரத்தால் நஷ்டமில்லை, எனக்கு உண்டு. தந்தையார் இரண்டு வண்டி வைத்திருந்தார். நான் ஒரே வண்டியில் இரண்டையும் எதிர்பார்த்தேன்.

கற்பாதையில் அந்த டயர்கள் எனக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டு, கீழ் கியரில் இமோஜீன் ஏறியபோது, முன்பு இடித்த கற்களின் மேல் வண்டி நனைந்த பஞ்சுபோல் படிந்து ஏறிற்று. ஒருமுறைகூட அடிவயிறு தட்டவில்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓராண்டில் ஓடிய 12,000 மைலில் அப்படிப்பட்ட பாதை 400 மைல்கூட இல்லை. மீதி முழுவதும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் குழந்தையின் பள்ளிக்கும் ஓடிய தார்ச்சாலை. 20.4-க்குப் பதில் 18.7 என்றால் அந்த ஓராண்டில் 54 காலன் கூடுதல் பெட்ரோல். காலன் மூன்றரை டாலர் என்று வைத்தால் 189 டாலர். பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 8.9 கிலோ கரியமில வாயு; 54 காலனுக்கு 480 கிலோ. எந்த மலைக்காற்றைச் சுவாசிக்க அவ்வளவு தூரம் போகிறேனோ, அந்தக் காற்றில் இதை ஏற்றிவிட்டு வருவது எனக்குச் சம்மதமாக இல்லை.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தள்ளும் விசை குறைவதைப் போலவே தடுக்கும் விசையும் அதே விகிதத்தில் குறைகிறது; முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர் இதை அலட்சியம் செய்யலாகாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. வாரந்தோறும் கல்லிலும் சேற்றிலும் பிழைப்பு நடத்துகிறவர் பெரிய டயரைத் தாராளமாகப் போடட்டும். ஆக்சில் விகிதத்தையும் சேர்த்து மாற்றட்டும். அவருக்கு அது அவசியம். ஆண்டில் இரண்டு மூன்று தடவை மலைக்குப் போகிற என்னைப் போன்றவருக்கு ஒரே ஒரு படி மேலே போவது போதும். டயரை மாற்றும் முன் பத்து டாங்க் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மைல் பலகையைப் பார்த்துத் திருத்தம் கண்டுபிடியுங்கள். சர்வீஸ் தேதியையும் திருத்திய மைலின்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எஞ்சின் எண்ணெய்க்கு ஓடோமீட்டரின் பிழை தெரியாது.

அந்த முப்பத்து மூன்றுகளை, வயோமிங் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டேன். இப்போது ஓடுவது 265/75 ஆர்16, விட்டம் 31.6 அங்குலம்; எடை குறைந்த வகை; ஓடோமீட்டர் நூற்றுக்கு மூன்று மைல் குறைத்துக் காட்டுகிறது. சென்ற பத்து டாங்கின் சராசரி, திருத்திய கணக்கில், 19.8 மைல்.